வால்வு கேட்ட மத்தியானம்

பாட்டு போடவில்லை. பாட்டு வருகிற ஒயர்கூடச் சொருகவில்லை. ஆனாலும் இடது ஸ்பீக்கரில் இரண்டு தட்டு கேட்டது.

நெல்சன் சால்டரிங் அயனைத் தாங்கியில் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தான். பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வுகள் வைத்துக் கட்டிய ஆம்ப்ளிபயர் செட் சூடேறும்போது கண்ணாடியும் உலோகமும் விரிந்து ஒன்றிரண்டு முறை முனகத்தான் செய்யும். பதினெட்டு வருஷமாக இதே வேலை பார்க்கிறவன், இதற்கெல்லாம் பயப்படுகிற ஆளில்லை. செல்போனில் ஊரே பாட்டுக் கேட்கிற காலத்தில் இவன் ஒருத்தன் பல்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று காரைக்குடியில் கேலி பேசுவார்கள். பேசுகிறவரை உட்காரவைத்து ஒரு பாட்டுப் போட்டால் போதும், அதன்பிறகு எழுந்து போக அவருக்கு மனசு வராது.

மேசையில் இருந்தது அவன் கட்டியதிலேயே பெரிய செட். மேலே செம்புத் தகடு. பக்கங்களுக்குப் பழம்பொருள் கடையில் வாங்கிய தேக்கு நிலைக்காலை இழைத்துப் போட்டிருந்தான். பின்வரிசையில் வார்னிஷ் வாசனை இன்னும் போகாத மூன்று டிரான்ஸ்பார்மர்கள், ஒவ்வொன்றும் அவன் கையால் சுற்றியது. நடுவில் கத்தரிக்காய் பருமனில் நான்கு பெரிய வால்வுகள், முன்னால் கட்டைவிரல் உயரத்தில் நான்கு சின்ன வால்வுகள். வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் எட்டும் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தன. இந்தச் செட்டில் பாட்டுக் கேட்டுக் கண்ணை மூடினால், பாடுகிற பெண் எங்கே நிற்கிறாள், தபேலா அவளுக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று விரல் நீட்டிச் சொல்லிவிடலாம். நாலு மணிக்கு வக்கீல் பாண்டீஸ்வரன் அதைக் கேட்டுப் பார்க்க வருவதாக இருந்தது.

மறுபடியும் இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னும் இரண்டு.

சூட்டில் விரிகிற சத்தம் இப்படி எண்ணி வராது. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு மரக்கட்டில் சட்டத்தில் பட்டால் இப்படிக் கேட்கும். அந்தச் சத்தம் நெல்சனுக்குப் பழக்கம்.

அவன் அம்மா வியாகுலம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனபோது, அக்கா மரிய அனிதாதான் இடது கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துப் பழக்கிவைத்தாள். இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். டீச்சர் வேலைக்கு அனிதா பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள், வீட்டிலேயே வேலை பார்க்கிற நெல்சன் பகலெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொள்வான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். ஊருக்கும் அக்காவுக்கும் அவன் சொன்னது அது.

நடந்தது வேறு. சில வால்வுகளுக்குக் காது உண்டு. உள்ளே கம்பி தளர்ந்துவிட்டால், பக்கத்தில் எழுகிற சத்தத்தை வாங்கி ஸ்பீக்கரில் கொடுத்துவிடும். அப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கப் பென்சிலால் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு நெல்சன் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பென்சிலை எடுத்த பிறகும் ஸ்பீக்கரில் தட்டு கேட்டது. இரண்டு இரண்டாக. அது பக்கத்து அறையில் அம்மா என்று அவனுக்குத் தெரிந்தது, தெரியாமல் என்ன. காலையிலிருந்து பதினோரு தடவை எழுந்து போயாகிவிட்டது, சலித்துவிட்டது. 'இந்த வால்வு சரியில்லை' என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, அதைப் பிடுங்கிவிட்டு நல்லதாக ஒன்றைப் போட்டான். தட்டு நின்றது, ஸ்பீக்கரில் மட்டும். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தபோது டம்ளர் தரையில் கிடந்தது. அம்மாவின் வாய் திறந்திருந்தது, உதடு வெடித்து உலர்ந்திருந்தது.

"அன்னைக்கு அம்மா தட்டவே இல்லையாடா?" என்று அனிதா அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"இல்லக்கா."

அனிதா மாதா மாதம் அம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சர்ச்சில் பூசை வைக்கிறாள். கூடப் போகிற நெல்சன் நற்கருணை வாங்க எழுந்திருப்பதில்லை. வெறும்வயிற்றோடு வாங்க வேண்டியது, டீ குடித்துவிட்டேன் என்பான். எட்டு மாதமாக அதே டீ. சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் போகவே கால் கூசியது. செத்துப்போன அம்மாவைவிட உயிரோடு இருக்கிற அக்காவுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது. அப்படி இருப்பதும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது தட்டு நிற்கவில்லை. சின்ன வால்வு ஒன்றை மாற்றினான். கேட்டது. நான்கையும் பிடுங்கி மேசைமேல் வைத்தான். முன்வரிசை இல்லாத செட் ஊமை, அதில் எந்தச் சத்தமும் வர வழியே இல்லை.

இரண்டு தட்டு.

வாசலில் மணி அடித்தது. விரல் சுடச்சுட வால்வுகளைத் திரும்பச் சொருகினான். அனிதா கதவைத் திறந்து பாண்டீஸ்வரனை அழைத்து வந்தாள். அன்று சனிக்கிழமை, அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

"என்னப்பா நெல்சன், மூஞ்சியெல்லாம் இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல சார். உக்காருங்க. பாட்டுப் போடுறேன்."

"பாட்டு இருக்கட்டும். முதல்ல செட்டு சும்மா ஓடட்டும். இரைச்சல் இருக்கான்னு இதோட அமைதியைக் கேக்கணும்ல." வக்கீல் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அது அவர் வழக்கம்.

"இன்னொரு நாள் வாரீகளா சார்? ஒரு வால்வு..."

வக்கீல் கையை உயர்த்திப் பேசாதே என்றார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அடேயப்பா. ரெக்கார்டிங் போட்டுட்டியா? டம்ளரா அது? மரத்துல தட்டுறாக. அங்குட்டு," என்று இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் விரலை நீட்டினார். "கட்டில்ல படுத்திருக்காக போல. மூச்சுகூடக் கேக்குதுப்பா. ரொம்பத் துல்லியம்."

அனிதா காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

தட்டு இரண்டிரண்டாக வந்தது. விட்டு விட்டு. பிறகு விடாமல். வெள்ளைப் பூண்டுத் தைலமும் நனைந்த படுக்கையும் கலந்த அம்மா அறை வாடை சால்டர் புகைக்குள் எழுந்தது. செட்டை அணைக்க வேண்டும். சுவிட்ச் இரண்டு எட்டில் இருந்தது. அனிதா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

"இப்ப யாரோ வாராக," என்றார் வக்கீல், கண்ணைத் திறக்காமல். "வெறுங்காலு. வாசப்படிகிட்ட நிக்கிறாக. தட்டுறதும் நின்னுருச்சு. வந்துட்டாகன்னு நெனச்சிருக்கும் பாவம்."

இதை நெல்சன் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. வால்வை மாற்றிய பிறகு சத்தம் சுவர் வழியாக வந்தது. எழுந்து போனான். அம்மா அவனைப் பார்த்தாள். டம்ளரை அவன் பக்கமாக நீட்டினாள்.

ஸ்பீக்கரில் கீல் முனகியது. கதவுப் பலகை சட்டத்தில் பொருந்தியது.

"கதவைச் சாத்திட்டாக," என்றார் வக்கீல். சிரிப்பு போய்விட்டது. "என்னப்பா ரெக்கார்டிங் இது? எங்குட்டுப் புடிச்ச?"

அனிதா காபித் தட்டைத் தரையில் வைத்தாள்.

"நெல்சா. அம்மா தட்டுச்சா?"

வாயில் 'இல்லக்கா' தயாராக இருந்தது. வரவில்லை.

"தட்டுச்சுக்கா."

அப்போது ஸ்பீக்கரில் டம்ளர் விழுந்து உருண்டது. அதன் பின்னால் கனமாக ஏதோ கட்டிலிலிருந்து தரையில் விழுந்தது. அன்றைக்கு அம்மா கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. உள்ளங்கை ஒன்று தரையில் பதிகிற சத்தம். இழுக்கிற சத்தம். பதிகிற சத்தம். வக்கீல் கண்ணை மூடியபடியே காலை சோபாமேல் தூக்கிக்கொண்டார், யாருக்கோ வழிவிடுகிறவர் மாதிரி. தூக்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து வெளிறிப்போய் எழுந்தார்.

"சார், நீங்க வாங்க," என்றாள் அனிதா. "வெளியில போயிருவோம்."

"அக்கா..."

அவள் அவனைப் பார்த்தாள். அதுவரை யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. வக்கீலை முன்னால் விட்டுவிட்டு அவளும் வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

நெல்சன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். வால்வுகள் அணையவில்லை.

பதிகிற சத்தம். இழுக்கிற சத்தம்.

கதவுக்கு ஓடினான். அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு கேட்டது, அவள் அங்கேயேதான் நின்றாள். தட்டினால் ஒருவேளை திறப்பாள். கையை ஓங்கினான். எந்த முகத்தோடு தட்டுவது? கை அப்படியே நின்றது.

சத்தம் இப்போது ஸ்பீக்கருக்குப் பின்னால் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம். சோபாவுக்கு இந்தப் பக்கம். ஈரமான ஏதோ ஆத்தங்குடித் தரைக்கல்லில் தேய்ந்து வந்து, அவன் குதிகாலுக்குப் பின்னால் நின்றது.

திரும்பவில்லை. வெட்கத்தில் திரும்ப முடியவில்லை.

இரண்டு ஸ்பீக்கரிலும் தட்டு ஓய்ந்துவிட்டது. அவற்றில் இப்போது கேட்டது நெல்சனுடைய மூச்சு. கிட்டத்தில். கீழேயிருந்து. அவன் காலடியில் கிடந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு எப்படிக் கேட்குமோ, அப்படி.