பின்னிருக்கையின் நடுக்கம்

லீலாவதி சிவப்புப் பேனா இன்றி எதனையும் படிக்கமாட்டார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்புப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்ததால் படிந்த பழக்கம் அது. திருமண அழைப்பிதழில் ஓர் ஒற்று மிகுந்திருந்தாலும் வட்டமிடுவார். ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தால் அன்று முழுவதும் அவர் முகம் கடுத்திருக்கும்.

அவருடைய கணவர் ஜோதிலிங்கத்துக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. பிளந்து சேர்த்த மார்பெலும்பு கூடும்வரை உடல் குலுங்கலாகாது. காரில் பின்னிருக்கையில்தான் அமரவேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் போய்வரவேண்டும். ஆட்டோவை நினைக்கவே முடியாது. வாடகைக் கார்களின் வேகத்துக்கோ அவர் அஞ்சினார். ஆகவே டில்லி லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்பிலிருந்த லீலாவதி, பழைய கார் ஒன்றை வாங்கித் தாமே ஓட்டினார்.

அந்தக் கார், பிரேக்கை மிதித்தால் அதிர்ந்தது.

ஓடும்போது அதிரவில்லை. மிதித்தால் மட்டும் அடியிலிருந்து ஒரு நடுக்கம் எழுந்து, இருக்கை வழியே ஏறி, ஜோதிலிங்கத்தின் மார்பில் போய் நின்றது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

மோதி பாக்கில் பட்டறை வைத்திருந்த ரமேஷ்குமார்தான் காரை வாங்கித் தந்தவன். டில்லியிலேயே பிறந்த தமிழன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.

“ஸ்டியரிங் ஆடினா முன்வீல், சீட் ஆடினா பின்வீல். சிம்பிள், மேடம்” என்றான்.

முன்சக்கர பிரேக் டிஸ்க்குகளைக் கடைசல் பிடித்துச் சமப்படுத்தினான். பிறகு அவற்றையே மாற்றினான். பின்சக்கர டிரம்களைக் கடைந்தான். சக்கரம் பொருந்துமிடத்தில் துரு என்று சொல்லி அதனையும் தேய்த்தான். ஒவ்வொரு முறையும் தான் மட்டும் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “ஏக்தம் டீக்! எல்லாம் சரியாயிடுச்சு” என்று சாவியை நீட்டினான். ஒவ்வொரு முறையும், கணவரோடு அடுத்த சிக்னலை அடைந்தபோது கார் அதிர்ந்தது.

“உன் ஆளு வண்டிய ரிப்பேர் பண்றானா, எனக்கு இன்னொரு ஆபரேஷன் பண்ணப் பாக்குறானா?” என்றார் ஜோதிலிங்கம்.

லீலாவதிக்கு அழுகையும் சினமும் ஒருங்கே வந்தன.

டிசம்பர் மூடுபனியில் ஒருநாட் காலை, மருத்துவமனை வாயிலில் கணவரை இறக்கும்போது, இடப்பக்கப் பின்கதவுக் கண்ணாடியில் எழுத்துகளைக் கண்டார். உட்புறத்தே படிந்த பனிப்படலத்தில், சிறுவிரல் ஒன்று தாழ்வாக எழுதியது போல் இருந்தது.

இரங்கு.

“நீங்களா எழுதுனீங்க?”

“நான் கையத் தூக்குறதே பெரிசு.”

இரக்கம் கொள் என்பது அதன் பொருள். ஏதோ ஓர் உயிர் தம்மிடம் இரக்கம் வேண்டுகிறது என்று லீலாவதி முடிவு செய்தார். அன்றிலிருந்து, பிரேக்கை மிதிக்குமுன் ‘முருகா, அதுக்கு நல்ல கதி குடு’ என்று வேண்டிக்கொண்டார்.

நடுக்கம் கூடியது. காய்ச்சற்காரர் நெற்றியிலிடும் ஈரத்துணியின் வாடையும் காருக்குள் வரத் தொடங்கியது.

பொறுமை இழந்தவராய், மறுவாரம் மருத்துவமனைக்குப் போகும் வழியில் பட்டறைக்குமுன் காரை நிறுத்தினார். “இன்னைக்கு இவரையும் வெச்சு ஓட்டிப் பாரு” என்று ரமேஷ்குமாரிடம் சாவியைக் கொடுத்து, தாம் முன்னிருக்கையில் அமர்ந்தார்.

சந்தின் முனையில் அவன் பிரேக்கை மிதித்தான். கார் நடுங்கியது. அவன் திரும்பிப் பின்னிருக்கையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. எஞ்சினை அணைத்தான்.

நடுக்கம் நிற்கவில்லை.

அவன் இறங்கினான். லீலாவதியும் இறங்கிச் சுற்றிவந்தார்.

“சார் எப்பவும் லெஃப்ட்லதான் உக்காருவாரா?” என்று கிசுகிசுத்தான்.

“ஆமா. ஏன்?”

“போன ஓனர் பத்ரி சார், நம்ம தமிழாளுதான். அவர் பொண்ணு சிந்து. இங்கதான் ஏழாங்கிளாஸ் படிச்சுது. தேஜ் காய்ச்சல், ஒடம்பு கொதிச்சுதாம். ஆஸ்பத்திரி போற வழில, அந்த சீட்லயே… ஒவ்வொரு சிக்னல்லயும் ஒடம்பு நடுங்கிட்டே இருந்துச்சாம்.”

“இத ஏன்டா வாங்கும்போது சொல்லல?”

“நீங்க மைலேஜ்தான மேடம் கேட்டீங்க.” அவன் பார்வை கண்ணாடிக்குத் தாவியது. “அது என்ன, ஜிலேபி மாதிரி?”

பனிப்படலத்தில் அதே எழுத்துகள் மீண்டும் தோன்றியிருந்தன; வெளியிலிருந்து பார்க்க, இடவலமாய்த் திரும்பியிருந்தன.

“இரங்கு.”

“அச்சா. கீழ எறங்கச் சொல்லுதா?”

“இல்லப்பா. அதுக்குப் பெரிய ற போடணும். இது சின்ன ர. இரக்கம் காட்டுன்னு…”

லீலாவதி மீண்டும் கண்ணாடியைப் பார்த்தார்.

டில்லியில் ஏழாம் வகுப்புப் படித்த குழந்தை. எந்த ரகரம் எங்கே வரும் என்று அது எவ்வாறு அறிந்திருக்கும்?

பிழையைப் பொருள் என்று படித்துவிட்டார்.

கதவைப் பிடித்து இழுத்தார். “இறங்குங்க.”

“என்னடி, இப்பத்தான…”

“இறங்குங்கன்றேன்!”

ஜோதிலிங்கம் தலையணையோடு இறங்கினார். லீலாவதி கதவைச் சாத்தினார். அக்கணமே நடுக்கம் நின்றது.

காருக்குள் எவரும் இல்லை.

கண்ணாடியில், ரகரம் இருந்த இடத்தை ஏதோ ஒன்று உள்ளிருந்து தேய்த்தது. பின்பு மெல்ல, வளைவு வளைவாக, றகரம் ஒன்று அவ்விடத்தில் உருவாகியது.

ரமேஷ்குமார் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“என்ன எழுதியிருக்கு?” என்றார் ஜோதிலிங்கம்.

“இப்பச் சரியா எழுதியிருக்கு.”

“வித்துடலாம் மேடம்” என்றான் ரமேஷ்குமார்.

“வித்தா, வேற யாராச்சும் அங்க உக்காருவாங்க.”

லீலாவதி காரைச் சுற்றிப்போய் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

“இனிமே நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க” என்றார்.