வெளிறிய ஈறு

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் கதிர்காமநாதன் மாமாவின் வீட்டுக் கேற்றைப் பாலேஸ்வரி திறந்தபோது பின்னேரம் மங்கத் தொடங்கியிருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு. மணிக்கணக்கில் மின்வெட்டு. ஒழுங்கை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தும் கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவள் வந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். போன கிழமை நடந்த சுற்றிவளைப்பில் அவளுடைய தம்பி நாகேந்திரத்தைப் பொலிஸ் பிடித்துவிட்டது. தாய்மாமன் வீட்டில்தான் இருக்கிறேன் என்று அவன் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. வீட்டுக்காரர் வந்து, என் வீட்டுப் பையன்தான் என்று சொன்னால் விடுவோம், இல்லையென்றால் விடிந்ததும் முகாமுக்கு அனுப்பிவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். முகாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர் எத்தனை பேர், வராதவர் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? மாமா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவோடு கூடப் பிறந்தவர் சொல்லமாட்டாரா?

மாமா கையை விரித்தார்.

"அவன் இஞ்ச இல்லைப் பிள்ளை. ரெண்டு மாசத்துக்கு முந்தியே கொட்டாஞ்சேனையில ரூம் எடுத்துக்கொண்டு போட்டான். இல்லாத பெடியனை இருக்கிறான் எண்டு பொலிசில போய் நான் எப்பிடிப் பொய் சொல்லுறது?"

"அவன் எனக்குச் சொல்லேல்லையே மாமா."

"இந்தக் காலத்துப் பிள்ளையள் எல்லாத்தையும் சொல்லுதுகளே?"

பத்மாவதி மாமி தேத்தண்ணியை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள். பாலேஸ்வரிக்குத் தம்பிமேல்தான் கோபம் வந்தது. வீடு மாறியதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, இனி யாருடைய காலில் போய் விழுவது? மாமாவைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. சொந்த மாமனைச் சந்தேகிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

அழுத முகத்தைக் கழுவப் பின்வளவுக்குப் போனாள்.

குழாயடிக்குப் பின்னால், வாழை மரத்தின் கீழ், ஏதோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாய். அவள் முன்பு கண்டதில்லை. சிவலை நிறம், நெஞ்சில் வெள்ளை. பின்னந்தொடை கிழிந்து சதை தெரிந்தது. பாலேஸ்வரி யாழ்ப்பாணத்தில் மிருக வைத்தியர் ஒருவரிடம் பல வருஷம் உதவிக்கு நின்றவள். அடிபட்ட விலங்கைக் கண்டால் தன் கவலையை ஓரமாக வைத்துவிடும் பழக்கம் அவளுக்கு இருந்தது. மெல்லப் பேசிக்கொண்டே பக்கவாட்டில் குனிந்தாள். வலி வந்த நாய் வளர்த்தவரையும் கடிக்கும். இது கடிக்கவில்லை. அவள் கையை மணந்து பார்த்து, வாலை ஒரு தரம் அசைத்தது.

உதட்டை உயர்த்தினாள். ஈறு சுண்ணாம்புச் சுவர்போல வெளிறியிருந்தது. விரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். நல்ல நாய்க்கு அழுத்திய இடம் உடனே சிவந்துவிடும். இதற்குச் சிவப்பு வர மனமில்லாததுபோல மெல்ல வந்தது. காது குளிர். பாதங்கள் குளிர். உட்தொடையில் நாடி நூல்போல மெலிந்து, தலைதெறிக்க ஓடியது. தொடைக் காயத்துக்கு இவ்வளவு வராது. உள்ளே எங்கேயோ இரத்தம் போகிறது. இதைத்தான் டொக்டர் 'ஷொக்' என்பார், காயத்தைப் பார்த்து ஏமாறாதே, ஈறைப் பார் என்பார்.

தோளில் கிடந்த துவாயைக் காயத்தில் வைத்து அழுத்தினாள். முதுகு முறுகாமல் பலகையொன்றில் மெல்ல இழுத்துக் கிடத்தி, தாழ்வாரக் கொடியில் கிடந்த போர்வையால் மூடினாள்.

"மாமி! நாய் ஒண்டு அடிபட்டுக் கிடக்கு. சாகப் போகுது. ஓடிப்போய் ஒரு திறீவீலர் பிடியுங்கோ!"

மாமி கிண்ணத்தில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள்.

"தண்ணி வேண்டாம் மாமி. இப்ப பருக்கினால் மூச்சுக்குள்ள போயிரும். சூடுதான் வேணும்."

மாமியின் கண் நாயின் காதில் நிலைத்தது. கிண்ணம் கையிலிருந்து விழுந்தது.

அப்போதுதான் அந்த வாசம் பாலேஸ்வரியின் மூக்கில் ஏறியது. மழை நனைத்த மண்ணின் வாசம் அல்ல. ஆழத்தில் தோண்டிய மண்.

நாயின் மயிருக்குள் மண். காதுக்குள் மண்.

உதட்டை மறுபடி உயர்த்தினாள்.

நாக்கின் கீழும் மண்.

"என்ன நாய்?" மாமா பின்னால் நின்றார்.

"சிவலை. நெஞ்சில வெள்ளை. இடது காது நுனி இல்லை."

"விசர்க்கதை கதையாதை!" மாமாவின் குரல் கீச்சிட்டது. "செத்துப்போன எங்கட சீசரை நான்தானே போன கிழமை அந்த வாழைக்குக் கீழ தாட்டனான். அவனை ஏத்தின ஜீப்புக்குப் பின்னால ஓடி, சில்லுக்குள்ள..."

நிறுத்திக்கொண்டார்.

"ஆரை ஏத்தின ஜீப், மாமா?"

மாமிதான் சொன்னாள், மிக மெதுவாக. "கேற்றடியில வைச்சுக் கேட்டவங்கள் பிள்ளை. இவர், ஆரெண்டே தெரியாது எண்டிட்டார். பொலிசில பேர் பதியாமல் வீட்டில வைச்சிருந்தது. தன்னையும் கொண்டுபோயிருவாங்கள் எண்டு பயம். நாய் மட்டும்தான் பின்னால ஓடினது."

கேற்றடியில் நின்று தம்பி மாமாவின் முகத்தைப் பார்த்திருப்பான். மாமா சொல்லுவார் என்று காத்திருந்திருப்பான்.

திரும்பிப் பார்த்தாள். பலகையில் போர்வை தட்டையாகக் கிடந்தது.

துவாய் அவள் கையில் இருந்தது. அதில் இரத்தம் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"நடவுங்கோ," என்று மாமாவின் கையைப் பிடித்தாள். "இப்பவே நடவுங்கோ."

மாமா மறுக்கவில்லை. இருண்டு கிடந்த காலி வீதி நெடுகிலும், "சொல்லுறன் பிள்ளை, சத்தியமாச் சொல்லுறன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாலேஸ்வரிக்குப் பாவமாகக்கூட இருந்தது. பயந்த மனிசன், திருந்திவிட்டார் என்று நினைத்தாள்.

பொலிஸில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார், அந்தப் பையன் உங்கள் வீட்டிலா இருந்தான் என்று.

மாமா மேசையைப் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த துவக்கைப் பார்த்தார். பாலேஸ்வரியைப் பார்க்கவில்லை.

"இல்லை சேர். எனக்கு ஆளைத் தெரியாது."

அவருடைய கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. உதறினாள். நெருப்பைத் தொட்டதுபோல் இருந்தது. ஒரு பின்னேரத்துக்குள் இரண்டு தரம் இந்த மனிதனை நம்பிவிட்டோமே என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

இன்ஸ்பெக்டர் பேனையை மூடினார்.

"மே பல்லா காகேத?" வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் சிங்களத்தில் அதட்டினான். இது யாருடைய நாய், நிலமெல்லாம் இரத்தமாக்கிக்கொண்டு வருகிறதே என்று கத்தினான்.

பாலேஸ்வரி குனிந்து பார்த்தாள். வெறும் சீமெந்து நிலம்.

ஆனால் இன்ஸ்பெக்டர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு மாமாவின் காலடியையே பார்த்தார். மாமாவும் பார்த்தார். அவருடைய உதடு வெளுத்தது.

எதுவோ பல்லால் கவ்வி இழுப்பதுபோல் வேட்டிக் கரை தானாக இறுகியது.

"தெரியும்!" என்று அலறினார் மாமா. "தெரியும் சேர். என்ர மருமோன். என்ர வீட்டிலதான் இருந்தவன். என்ர வாயால மறுத்துப்போட்டன். காலை விடச் சொல்லுங்கோ!"

வேட்டி தளர்ந்தது.

உள்ளே திறப்புச் சத்தம் கேட்டது. நாகேந்திரம் மெலிந்து, தாடியோடு வெளியே வந்தான். மாமா கையை நீட்டினார். அவரைக் கதிரை மேசையைக் கடப்பதுபோலக் கடந்து போனான்.

ஓரிடத்தில் நின்றான். அவன் முகம் மலர்ந்தது. குந்தியிருந்து, இரண்டு கைகளாலும் எதையோ நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். ஒன்றுமில்லாத அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தபடி தமக்கையை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, சீசருக்கு என்ன? ஏன் இப்பிடிக் குளிருது?"