மாப்பிளைச் சிலந்தி

“நான்தான் முதல் கண்டனான்!”

“கண்டது நீங்கள்… பெட்டியிலை கை வைச்சது நான்!”

நிலாணி நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்… அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்காபரோவில் வளர்ப்புப் பிராணிச் சந்தை நடந்த அந்த மண்டபம் முழுக்கப் பாம்பும் பல்லியும் தவளையும். கடைசி மேசை அல்பேட் அண்ணையுடையது. ரறன்ருலா எனப்படும் பெரிய புலிமுகச் சிலந்திகளைத் தன் வீட்டு பேஸ்மென்றிலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறவர் அவர். காட்டில் பிடித்து வந்ததைத் தொடவும் மாட்டார். அன்றைக்கு அவரிடம் இருந்தது ஒரேயொரு ஆண் சிலந்தி. மெக்சிக்கோ இனம், முழங்கால்களில் செம்மஞ்சள் பூசினமாதிரி அழகு. பெண் சிலந்தி இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஆணோ, வயதுக்கு வந்தபிறகு ஒரு வருஷம் தாண்டினாலே பெரிய விஷயம். தன் பெண் சிலந்திக்கு இப்படியொரு சோடி தேடி இரண்டு வருஷமாக அலைந்தவள் நிலாணி. விடுவாளா?

“என்னட்டையும் பொம்பிளை ஒண்டு இருக்கு,” என்றான் அவன். “ஏழு வருஷமா வளர்க்கிறன். லவன் எண்டு பேர்.”

“பொம்பிளைக்கோ?”

“ஐயோ… எனக்கு!”

அல்பேட் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். “ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோங்கோ பிள்ளையள். முதல் ஒராளின்ரை வீடு, பிறகு மற்ற ஆளின்ரை வீடு. ஆனா கவனம்… சேர்ந்து முடிஞ்ச உடனை பிரிச்சுப்போட வேணும். இல்லாட்டி பொம்பிளை மாப்பிளையைச் சாப்பிட்டிடுவா.”

யார் வீடு முதல்? அதற்கும் சண்டை பிடிக்க நிலாணி வாயைத் திறக்கமுன்னம், அவன் பெட்டியை அவளிடம் நீட்டிவிட்டான்.

“உங்கடையே முதல் பாப்பம்.”

இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறானே… அவளுக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், ரூஜ் பகுதியில் இருந்த அவள் வீட்டுக் கதவைத் தட்டினான் லவன். திறந்தது அம்மா மங்கையற்கரசி.

“வணக்கம் அன்ரி. மாப்பிளை விஷயமா வந்தனான்…”

“எந்த மாப்பிளை தம்பி?”

மேலேயிருந்து விழுந்தடித்து ஓடிவந்த நிலாணியின் முகம் சிவந்து கிடந்தது.

அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆணை இறக்கிவிட்டார்கள். அது முன்கால்களால் நிலத்தில் தட்டியது. டக்… டக்… பிறகு அமைதி. பெண் சிலந்தி தன் பொந்திலிருந்து மெல்லத் திருப்பித் தட்டியது.

“பதில் சொல்லுறா…” என்று கிசுகிசுத்தான் லவன்.

நீளப் பிறஷ் நிலாணியின் கையில். இரண்டும் சேர்ந்து விலகுகிற கணத்தில் இடையில் பிறஷை வைக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. அவள் ஒருக்கால், ஒரேயொருக்கால், பக்கத்தில் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான் அவன். இவ்வளவு நீள இமைகளா ஒரு ஆம்பிளைக்கு…

திரும்பியபோது ஆண் சிலந்தி பெண்ணின் பற்களுக்கிடையில் கிடந்தது.

“பக்கத்திலை நிண்டு கதைச்சால் நான் எப்பிடிப் பாக்கிறது? எல்லாம் உங்களாலைதான்!” கத்திவிட்டாள்.

அவன் தன் பெண் சிலந்திக்கு இருந்த ஒரே சோடியும் போய், அது வந்த சின்னப் பெட்டி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தான். ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

பிழை தன்னுடையது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் ரோசம்… போனை எடுப்பாள், வைப்பாள். பனி கொட்டி முடிந்தது. மார்ச்சில் பெண் சிலந்தி வெள்ளைப் பட்டுப் பந்துபோல முட்டைப்பை கட்டியது. மே கடைசியில் முந்நூறு குஞ்சுகள், எள்ளுக்குக் கால் முளைத்த மாதிரி! சந்தோசத்தில் துள்ளியவளின் மனம், இதை யாருக்குக் காட்டுவது என்று தேடி ஒரே முகத்தில் போய் நின்றது.

அல்பேட் அண்ணையிடம் இடம் கேட்டு, அடைமழையில் பிறம்ரன் நகருக்குக் காரை விட்டாள். லவன் வேலைசெய்யும் வெயார்ஹவுஸ் வாசலில் காத்து நின்றாள். வெளியே வந்தவன் அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். காரின் பின்கதவைத் திறந்து, சீற்றில் அடுக்கிவைத்த சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் கப்புகளைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு குஞ்சு.

“இது பாதி. உங்கடை பங்கு.”

“எனக்கென்ன பங்கு நிலாணி? என்னாலைதானே…”

“இல்லை! பிழை என்ரை. அண்டைக்கு நான் சிலந்தியைப் பாக்கேல்லை.”

“பிறகு?”

“உங்களை… உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்.”

மழை காரின் கூரையில் கொட்டியது. அவன் மெல்லச் சிரித்தான்.

“தெரியும்.”

“என்ன?!”

“பெட்டிக் கண்ணாடியிலை உங்கடை முகம் தெரிஞ்சது. நானும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அதாலைதான் நானும் கவனிக்கேல்லை.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லாமல் போனீங்கள்?”

“நீங்கள் பேசினது நொந்துபோச்சு. எனக்கும் ரோசம் இருக்காதோ…” கப்புகளைத் தொட்டுப் பார்த்தான். “இந்தப் பாதி வேண்டாம் நிலாணி. இதுகளைப் பிரிச்சு வளர்க்க எனக்கு மனமில்லை. எனக்கு உங்களிலை விருப்பம்.”

கண்ணில் வழிந்தது மழையா என்று அவளுக்கே தெரியவில்லை. மற்றப் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

“ஏறுங்கோ. குஞ்சுகளுக்குக் குளிருது.”

“குஞ்சுகளுக்கோ… உங்களுக்கோ?”

“எல்லாருக்கும்தான்! எனக்கும் உங்களிலை விருப்பம் லவன்… நனையாமல் ஏறுங்கோவன்!”