நடுத்தரச் சரக்கு

ஏழாவது சுற்றின் நடுவில் ஞானதிரவியத்தின் சட்டை சிவப்பிலிருந்து நீலமானது. விற்றுவிட்டார்கள். அலுத்துக்கொண்டே மைதானத்தைக் கடந்து தூத்துக்குடி அணியோடு போய் நின்றான். சற்றுமுன் வரை தோளில் கைபோட்டுக்கொண்டிருந்த விருதுநகர்க்காரர்கள் இப்போது அவனை வைதார்கள்.

பேஸ்பாலுக்குப் பேரப்பொறி வந்த நாள்முதல் இப்படித்தான். அணிக்கு ஒரு பொறி. பந்துக்குப் பந்து ஆட்டக்காரர்களை எடைபோட்டு, எதிரணிப் பொறியோடு பேசி, கண்ணிமைக்கும் முன் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும். கைமாறிய கணமே சட்டை நிறம் மாறும். அதுதான் கிரயப் பத்திரம்.

ஞானதிரவியம் வெளிக்களத்தான், சுவரோரம் நின்று உயரப் பந்துகளைப் பிடிப்பவன். நல்ல கைதான், நட்சத்திரமில்லை. நட்சத்திரத்தை விற்க எவனுக்கும் மனம் வராது, சொத்தையை வாங்க எவனும் வரமாட்டான்; நடுத்தரச் சரக்குதான் சந்தையில் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் போடாத நிறமில்லை. ஜெயிக்கப்போகிற அணி எதுவானாலும் கடைசி நேரத்தில் அவனைத் தள்ளிவிட்டுவிடும். ஒரே ஒரு கோப்பையை ஓர் அணியின் ஆளாக நின்று வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

இன்று இறுதிப்போட்டி. கடைசிச் சுற்றில் தூத்துக்குடி ஓர் ஓட்டம் முன்னால். தளங்களில் இருவர் காத்திருக்க, விருதுநகரின் கடைசி ஆள் ஓங்கி அடித்தான். பந்து வானத்தில் ஏறி, நேரே ஞானதிரவியத்தை நோக்கி வளைந்தது. பிடித்தால் தூத்துக்குடிக்குக் கோப்பை, விட்டால் விருதுநகருக்கு.

பந்து எங்கே விழும் என்று தூத்துக்குடிப் பொறி கணிப்பதற்குள், விருதுநகர்ப் பொறி அவனைப் பழைய விலைக்கே அமுக்கிவிட்டது. சட்டை சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினான்.

தூத்துக்குடிப் பொறி பதறியடித்து மீட்கப் பார்த்தது. ஓர் ஆளை அச்சாரமாகக் கொடுத்தது. போதாது என்றது மற்றது. பக்கத்துக் களத்தில் நின்ற மீரானின் சட்டை சிவந்தது.

“ஏல, உன்னை மீக்க என்னைக் குடுத்துட்டானுவ,” என்றான் மீரான், காறித் துப்பிவிட்டு.

அதுவும் போதவில்லை. பந்தெறிபவன் சிவந்தான், தளக்காரர்கள் சிவந்தார்கள், பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிவந்தார்கள். கடைசியில்தான் விருதுநகர்ப் பொறிக்கு மனம் இரங்கியது. ஒருவனைக் கொடுத்தால் ஒரு முழு அணி வருகிறது. பொறிக்குத் தெரிந்தது லாபம்தான், கோப்பை அல்ல. ஞானதிரவியத்தின் சட்டை நீலமானது. கையை உயர்த்தினான். பந்து வந்து உட்கார்ந்தது.

தூத்துக்குடி ஜெயித்தது. தூத்துக்குடி என்றால் ஞானதிரவியம்.

கோப்பையோடு படமெடுக்க அணி வரலாம் என்றார்கள். அவன் ஒருவன் போய் நின்றான். முதலாளி காசிமணி அண்ணாச்சி கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையடக்கத் திரையைத் தட்டித் தட்டி அவனை விலைபேசிக்கொண்டிருந்தார். எட்டு ஆளுக்குக் கேட்டார், நாலுக்கு இறங்கினார், ஒரு வயதான ஆள் வந்தாலும் போதும் என்றார். பந்துதான் தரைக்கு வந்துவிட்டதே, இனி யாருக்கு அவன் வேண்டும்?

“யாரும் கேக்கலியா அண்ணாச்சி?”

“ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். இனி நீ இங்கதாம்ல.”

இந்த ஒரு வார்த்தையை எவனாவது சொல்லமாட்டானா என்று எத்தனையோ வருடம் ஏங்கியவன் அவன். அண்ணாச்சி அதைத் துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார்.