படிவத்தில் இல்லாத கேள்வி

வள்ளிமயிலுக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும் என்பது பசுவந்தனை முழுக்கத் தெரிந்த விஷயம். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அவ்வளவு கோபம் ஆகாதுதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பட்ட கோபத்தில் ஒரு துளிகூட வீணாகவில்லை.

அன்று அவள் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. நடத்த வந்தவர்கள் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புப் படிக்கிற மாணவர்கள். வள்ளிமயிலின் அக்கா சத்யபிரியாவும் அவர்களில் ஒருத்தி.

"ஒங்க அக்கா படிக்கது நர்ஸுக்கா, டாக்டருக்கா?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. பதில் சொல்லிச் சொல்லியே வள்ளிமயிலுக்கு வாய் வலித்துவிட்டது.

"ரெண்டும் இல்ல! டாக்டருக்குத் துணையா நிக்கிறவிய. நோயாளிகிட்ட எல்லாத்தையும் விசாரிச்சு, சோதிச்சுப் பாத்து, டாக்டர்கிட்ட சொல்லுவாவ. எங்க அக்கா அதுக்குத்தான் படிக்கா."

அந்த அக்கா அன்று காலையிலிருந்து யாரையும் விசாரிக்கவில்லை. படத்துக்கு நின்றுகொண்டிருந்தாள்.

முகாமுக்குப் பொறுப்பான ஆசிரியர் மாயகிருஷ்ணன் சாருக்குக் கல்லூரியின் செய்தி மடலில் போட நல்ல படம் வேண்டும். பளிச்சென்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்த சுந்தரபாண்டி அண்ணாச்சியை நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும்படி சத்யபிரியாவிடம் சொன்னார்.

"இன்னொண்ணு எடுப்போம். உன் கோட்டு கசங்கித் தெரியுது."

நான்காவது முறை எடுத்தார்கள். அண்ணாச்சிக்கு ஒரு நோயும் கிடையாது. படத்துக்காக மூச்சை அடக்கி அடக்கித்தான் அவருக்கு நோய் வந்துவிடும் போலிருந்தது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பூவனலிங்கம் மாமா வந்தார். பேச்சிராஜா என்ற மாணவன் கையில் அச்சடித்த படிவத்தோடு உட்கார்ந்திருந்தான். பெயர் கேட்டான், வயது கேட்டான். சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டான். மாமா இல்லை என்றார். படிவம் முடிந்துவிட்டது.

மாயகிருஷ்ணன் சார் மாமாவின் சட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். "சட்டை பூரா கறை. படத்துல விழும். அவரைக் கடைசி பெஞ்சுல உட்கார வைங்க. அப்புறம் பார்க்கலாம்."

வள்ளிமயிலுக்குச் சுருக்கென்றது. அவள் மாமாவின் பக்கத்தில் போய் நின்றாள். மாமாவின் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கண்ணிலும் நீர் வழிந்தது.

"ஏன் மாமா இப்படி வேர்க்கு?"

"வெயில்ட்டி."

அது ஐப்பசி மாதம். வானம் மூடிக் கிடந்தது. "வெயில் எங்க மாமா இருக்கு? என்ன செய்யுதுன்னு சொல்லுங்க."

"வயித்தைப் பிரட்டுது. தல சுத்துது. காலைல மக்காச்சோளத்துக்குப் பூச்சிமருந்து அடிச்சேன்லா, அந்த நெடியாத்தான் இருக்கும்."

"அத அந்த அண்ணன்கிட்ட சொன்னீயளா?"

"அவிய கேக்கலியே. பி.பி. பாக்க வந்த எடத்துல மருந்தடிச்ச கதையைச் சொன்னா சிரிக்க மாட்டாவளா? வருசா வருசம் அடிக்கதுதான."

சொல்லிக்கொண்டே மாமா தோளில் கிடந்த துண்டால் வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தார். வள்ளிமயில் துண்டைப் பார்த்தாள். மருந்து அடிக்கும்போது மாமா எப்போதும் மூக்கில் கட்டுகிற அதே துண்டு. காற்று திருப்பி அடித்த மருந்தெல்லாம் அதில்தான் ஊறியிருந்தது. அதைக் கொண்டே காலையிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"துண்டக் கீழ போடுங்க மாமா!" என்று கத்திவிட்டு அவள் ஓடினாள்.

பேச்சிராஜா, "வரிசையில வா பாப்பா" என்றான். மாயகிருஷ்ணன் சார், "ஓரமாப் போம்மா, படத்தை மறைக்கிறே" என்றார். அக்காவோ, மதிப்பெண் போடுகிற சாருக்குப் பயந்து, உதட்டை அசைக்காமல், "செத்த நேரம் இருட்டி, வாரேன்" என்றாள்.

அவ்வளவுதான். பானை கொதித்து மூடியைத் தள்ளிவிட்டது.

"எதுக்கு இருக்கணும்? விசாரிக்கத்தான நீ படிக்க? மாமா விடியக்காலம் மருந்தடிச்சிருக்காவ. வாயில எச்சி வழியுது. ஒருத்தராவது என்ன வேலை பாத்துட்டு வாறீயன்னு கேட்டீங்களா? நீ நல்லாருக்க மனுசன் நெஞ்சுல குழாய வச்சிக்கிட்டு நிக்கே!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்யபிரியா, அசையாதே. ஒரு நிமிஷம்தான்" என்றார் சார்.

சத்யபிரியா அசைந்தாள். படம் பாதியில் நிற்க, கடைசி பெஞ்சுக்கு ஓடினாள். "மாமா, எப்போ அடிச்சீங்க? என்ன மருந்து? வெறுங்கையாலயா கலக்குனீங்க?" என்று கேட்டுக்கொண்டே டார்ச் அடித்து மாமாவின் கண்ணைப் பார்த்தாள். கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

பக்கத்து அறையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ருமானா சத்தம் கேட்டு ஓடி வந்தார். சத்யபிரியா மடமடவென்று சொன்னாள். "மூணு மணி நேரத்துக்கு முன்னால பூச்சிமருந்து தெளிச்சிருக்கார் மேடம். வேர்வை, எச்சில் ஊறுது, குமட்டல் இருக்கு. கண்மணி ரொம்பச் சுருங்கியிருக்கு. நாடி மெதுவா ஓடுது."

"உடம்புல மருந்து ஏறியிருக்கு. கிளவுஸ் போட்டுட்டு இவர் சட்டை, துண்டு எல்லாத்தையும் கழற்றுங்க. சோப்புப் போட்டுக் கழுவுங்க. 108-ஐக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

வள்ளிமயில் சத்துணவுக் கூடத்துக்கு ஓடிச் சோப்பை எடுத்து வந்தாள். சுந்தரபாண்டி அண்ணாச்சி எழுந்து போய்க் குழாயைத் திருகி, வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அந்தக் காட்சியை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் மாமாவைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இன்னும் ஒரு மணி நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அங்கே சொன்னார்களாம். அதைக் கேட்டதும் வள்ளிமயிலுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

ஆறாம் நாள் மாமா வீடு திரும்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாயகிருஷ்ணன் சார் கேமராவோடு வள்ளிமயில் வீட்டுக்கு வந்தார்.

"வள்ளிமயில், நீயும் மாமாவும் சேர்ந்து நில்லுங்க. ஒரு படம் எடுத்துச் செய்தி மடல்ல முதல் பக்கத்துல போடப்போறோம்!"

"படம் வேண்டாம் சார். அன்னைக்கு மாமாவ எதுக்குக் கடைசி பெஞ்சுல உக்கார வச்சீங்க?"

"ஏட்டி, வாய மூடு!" என்று அம்மா அதட்டினாள்.

சார் கேமராவைக் கீழே இறக்கினார். "தப்புதாம்மா. நான் சட்டையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கலை" என்றார்.

"அப்பம் ஒங்க படிவத்துல ஒரு கேள்வி சேருங்க. பேருக்கு அடுத்தாப்புலயே இருக்கணும். இன்னைக்குக் காலையில என்ன வேலை பாத்துட்டு வாறீங்கன்னு."

சார் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார். அவர் எழுதி முடிக்கும்வரை வள்ளிமயில் நகரவில்லை.

ஒரு மாதம் கழித்து நாகலாபுரத்தில் முகாம் நடந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சத்யபிரியா கூப்பிட்டாள்.

"ஏட்டி வள்ளி! இன்னைக்கு மொதல்ல வந்தது தங்கமாரின்னு ஒரு அக்கா. ஒன் கேள்வியத்தான் கேட்டேன். மிளகாய்க்கு மருந்தடிச்சிட்டு நேரா வாரேன்னாவ. அப்படியே குழாயடிக்குக் கூட்டிட்டுப் போயிக் கழுவ வச்சுட்டோம். அவியளுக்கு ஒண்ணும் ஆகல."

வள்ளிமயிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது அரை நிமிடம்தான் நீடித்தது.

"அவிய கிளவுஸ் போட்டிருந்தாவளா?"

"இல்லையாம்."

"ஏன் போடல?" என்று ஆரம்பித்தவள், படுக்கப் போகும்வரை ஓயவில்லை.

மறுநாள் காலையில் பூவனலிங்கம் மாமா தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு புஞ்சைக்குக் கிளம்பினார். அடுத்த வீட்டு வாசலில் வள்ளிமயில் இடுப்பில் கைவைத்து நிற்பதைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கும் முன்பே, கிளவுஸ் மாட்டிய இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டியபடி அவளைக் கடந்து போனார்.