பின்சுவரில் ஒரு வாசல்

இன்று மாலைக்குள் புதுப் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் எழுந்துவிடும். அதை நினைத்து, குணவதி காலை ரொட்டியைத் தட்டிலேயே தள்ளி வைத்தாள்.

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில்தான் பள்ளிக்கு வருவார்கள். அந்தப் பாதை பள்ளியின் பின்பக்கம் போய் முடியும். சுவர் வந்துவிட்டால், லோரி ஓடும் மலைச்சாலையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குத்தான் வர வேண்டும்.

கட்டடத்துக்குப் பிளான் போட்டவர் அவளுடைய அப்பா, தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி திருச்செல்வம்.

"அப்பா, பின்னால ஒரு வாசல் வைக்கலாமே? இந்தப் பனியில சின்னப் பிள்ளைங்க ரோட்டுல எப்படி நடக்கும்?"

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "முன்னால கார் நிக்க எடம் விட்டு, அழகா வாசல் வச்சிருக்கேன். தோட்ட மேனேஜர் துரையே பாராட்டினாரு. கிராணி மக பின்வழியா நுழையறதா?"

"நம்ம பள்ளிக்கூடத்துல யாருகிட்டப்பா கார் இருக்கு?"

அம்மாவுக்குத் தேநீர் புரையேறியது. அப்பா முறைத்தார்.

குணவதி சற்று யோசித்தாள். "சரிப்பா, முன்வாசல் வழியாவே போறேன். இன்னிக்கு மட்டும் மோட்டார் சைக்கிள வீட்டுல வச்சிட்டு என்கூட நடந்து வாங்க லா."

சாலையில் பனி கண்ணை மறைத்தது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஒதுங்கி நடக்க ஓரமே இல்லை.

"அப்பா, சத்தம் கேக்குது!"

வளைவில் இரண்டு மஞ்சள் விளக்குகள் திடீரென்று தெரிந்தன. கொழுந்து லோரி! குணவதி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டார்கள். அப்பாவின் குடையை லோரி உரசி முறித்துவிட்டுப் போனது.

அப்பா வெகுநேரம் அவள் கையை விடவில்லை.

"ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களும் நாளையிலேருந்து இப்படித்தான் வரணுமா?"

குணவதி தலையாட்டினாள்.

பள்ளியில் பின்சுவர் இடுப்பளவு எழுந்திருந்தது. பாதை வழியே வந்த பிள்ளைகளைக் கொத்தனார் காளிமுத்து ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார்களும் அங்கே நின்றார்கள். இத்தனை பேர் முன்னால் தான் வாயைத் திறந்தால் அப்பாவுக்குத் தலைகுனிவு. குணவதி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"காளிமுத்து, நிறுத்துங்க! இங்க ஒரு வாசல் வரணும்," என்றார் அப்பா.

"பிளான்ல இல்லையே, ஐயா?"

"பிளான் போட்டதும் நான்தான், இன்னிக்கு நடந்து பார்த்ததும் நான்தான். கல்லை எடுங்க."

"எவ்வளவு அகலம்?"

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "தெனமும் நடக்கிறவ நீ. சொல்லு."

குணவதி சுவரோடு ஒட்டி நின்று கைகளை விரித்தாள். "ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வரணும். பக்கத்துல இன்னொருத்தர் நடக்கணும். இவ்வளவு!"

காளிமுத்து கரித்துண்டை எடுத்தார்.

"இருங்க," என்றார் அப்பா. "இன்னும் நல்லா எட்டி விரிம்மா."

அவள் எட்டிய மட்டும் விரித்தாள். இரண்டு விரல் நுனிகளிலும் கோடு விழுந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவே முதல் கல்லை எடுத்தவர் அப்பாதான்.