கணக்கில் வராத பிடிமானம்

சன்னலோரத் தொட்டியில் இருந்த வெள்ளரிக்கொடி, பக்கத்தில் ஊன்றியிருந்த கழியை விட்டுவிட்டு, வெளிச்சத்தையும் விட்டுவிட்டு, காலிக் கட்டிலை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. செடிகொடிகள் எப்படி வளரும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவளுடைய வேலை. இந்தக் கொடி மட்டும் எந்தக் கணக்குக்கும் பிடிகொடுக்கவில்லை.

அது மகள் போட்ட விதை. முளைத்ததைப் பார்க்க அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவைக்கவில்லை. காய்ச்சல் நான்கே நாளில் கொண்டுபோய்விட்டது.

"இந்த ரூமை மூடிடலாம். உன்னை இப்படிப் பார்க்க முடியல," என்றார் கணவர்.

"கணக்கு ஒத்துவரட்டுங்க. அப்புறம் மூடிக்கலாம்."

ஒத்துவராத கணக்குக்கு அவள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத பிடிமானம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, அது எங்கே, எவ்வளவு தடிமனில் இருந்தால் கொடி இப்படி வளையும் என்று கணினியையே தேடச் சொல்வார்கள். ஈரமண் வாசத்துக்கு நடுவே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடியைப் படமெடுக்கும் கேமராவின் 'டிக்' சத்தத்தைக் கேட்டபடி, மதியம் முழுக்க அவள் காத்திருந்தாள். விடை வந்தது. பிழை: பூச்சியம். பதினொரு வருடத்தில் அவள் பூச்சியத்தைப் பார்த்ததே இல்லை.

பிடிமானம் கட்டில் மேல் இருந்தது. தடிமன், ஆறு வயதுக் குழந்தையின் கை அளவு.

அவள் வாய்விட்டு அழுதாள். பயத்தில் அல்ல, ஆசையில்.

மறுநாள் பிடிமானம் கட்டிலை விட்டு இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் பாதி அறையைக் கடந்திருந்தது. கொடியும் விடாமல் பின்தொடர்ந்தது, அந்தரத்தில், எதையோ சுற்றிக்கொண்டு, தொய்யாமல்.

நாளை அது எங்கே இருக்கும் என்று கணினியிடம் கேட்டாள்.

மாலை நான்கு மணி. அவளுடைய நாற்காலி. கழுத்து உயரம். பிடிமானங்கள்: இரண்டு.

கணவர் கத்தரிக்கோலை நீட்டினார். "வெட்டிடும்மா. போதும்."

"நாளைக்கு ஒரு நாள்ங்க."

மறுநாள் நாலு மணிக்கு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மகளுக்குக் கொடுத்த காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசம். முதுகுக்குப் பின்னால் இலை உரசும் சத்தம். டிக்.

"மெதுவா வா, கண்ணு."

டிக்.

திரையில் அவள் படம் வந்தது. பச்சைச் சுருள்கள் கழுத்தைச் சுற்றி வளைந்திருந்தன. தோலில் எங்கும் படவில்லை. தோலுக்கும் சுருளுக்கும் நடுவே, சுற்றிலும், ஒரு சின்னக் கையின் தடிமனுக்கு இடைவெளி.

அந்த இடைவெளி காய்ச்சலாய்க் கொதித்தது. பிறகு இறுகியது.